பழைய கதிரைக்கு விலை என்ன?

பழையன யாவும் பொக்கிஷம் என்று நம்புவோர் ஒரு சாரார். பழையன யாவும் விறகு என்று எண்ணுவோர் மற்றொரு சாரார். பாட்டனார் காலத்து அலுமாரியொன்று வீட்டில் இருக்குமாயின், முதற் சாரார் கேட்கும் விலையைக் கேட்டு வாங்க வந்தவர் திரும்பிப் பாராது போய்விடுவர். இரண்டாஞ் சாரார், அதனை வண்டியில் ஏற்றியனுப்பிவிட்டு, கிடைத்த பணத்தில் ஒட்டுப்பலகை அலுமாரியொன்றை வாங்கி வைத்து மகிழ்வர். இவ்விரு சாராருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இருவருமே அந்த அலுமாரியின் லாச்சியை வெளியே இழுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர்கள் அல்லர்.

பழந்தளபாடங்களுள் விக்டோரியா மகாராணியார் காலத்து ஆங்கிலத் தளபாடங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். காரணம், ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்குள் புகழப்பட்டு, இகழப்பட்டு, மீண்டும் தேடப்பட்டு, மீண்டும் ஒதுக்கப்பட்ட பொருள்கள் இவற்றைப்போல் வேறு அதிகம் இல்லை. விலை வேறு, மதிப்பு வேறு என்னும் உண்மையை இவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றும் எனக்குத் தென்படவில்லை.

மகாராணியார் 1837ஆம் ஆண்டு அரியணை ஏறி 1901ஆம் ஆண்டு மறைந்தார். இடைப்பட்ட அறுபத்துமூன்று ஆண்டுகளையும் ஒரே பாணியென்று கொள்வது பேதைமை. தொடக்கத்தில் வளைந்த கால்களும், பலூனைப்போல முதுகு வட்டமாக அமைந்த கதிரைகளும், தாராளமான கொத்துவேலைகளும் ஓங்கியிருந்தன. அதே வேளையில், பியூஜின் என்னும் கட்டடக் கலைஞர் மத்திய காலக் கோயில்களின் கூர்வளைவுகளை மேசைக்கும் கதிரைக்கும் கொண்டுவந்தார். 1834ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த பாராளுமன்ற மாளிகையை மீளக் கட்டியபோது அதன் உள்ளலங்காரங்களை வகுத்தவர் அவரே. பின்னர் ஜப்பானிய நாட்டின் நேர்கோடுகளிலே மோகம் பிறந்தது. இறுதியில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பெருந்தச்சர்களின் ஆக்கங்களைப் பார்த்துச் செய்யும் வழக்கம் பரவிற்று. ஆகவே, 'விக்டோரியா காலத்தது' என்று ஒருவர் கூறினால், அவர் நமக்கு ஒரு காலத்தைச் சொன்னாரேயன்றிப் பொருளைச் சொல்லவில்லை.

1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பார்க்கிலே நடைபெற்ற மாபெருங் கண்காட்சி அக்காலத்து மனப்பாங்கின் சிகரம் எனலாம். ஜோசப் பக்ஸ்டன் அமைத்த கண்ணாடி மாளிகையிலே ஏறக்குறைய அறுபது இலட்சம் நுழைவுகள் பதிவாயின. அங்கே வைக்கப்பட்ட தளபாடங்களிலே வெற்றிடம் என்பதே அரிது. பூ, கனி, பறவை, விலங்கு, மனித உருவம் என்று செதுக்கக்கூடிய யாவும் செதுக்கப்பட்டிருந்தன. அதனைக் கண்டு வியந்தோர் பலர், முகஞ்சுளித்தோரும் உண்டு. கண்காட்சியை நடத்தியவர்களுள் முதன்மையானவரான ஹென்றி கோல் என்பவரே, மறு ஆண்டு மார்ல்பரோ மாளிகையிலே தொடங்கிய அருங்காட்சியகத்தில், அலங்காரத்தின் பிழையான கொள்கைகளுக்கு எடுத்துக்காட்டாகச் சில பொருள்களைத் தனியறையில் வைத்து மக்களை எச்சரித்தார். அந்த அருங்காட்சியகமே வளர்ந்து இன்று விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. வில்லியம் மொறிஸ் 1861ஆம் ஆண்டு தம் நண்பர்களுடன் தொடங்கிய நிறுவனமோ, கிராமத்து ஓடாவியின் எளிமையை மீட்க முயன்றது. கோரைப்புல் முடைந்த இருக்கையும் மெல்லிய சட்டங்களும் கொண்ட 'சசெக்ஸ்' கதிரை அம்முயற்சியின் விளைவு. ஆகவே, விக்டோரியா காலத்தின் அளவிறந்த ஆடம்பரத்தை முதலிலே கண்டித்தவர்கள் அக்காலத்தவரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே இந்தத் தளபாடங்களுக்கு நேர்ந்த கதி பரிதாபமானது. தொல்பொருள் வணிகத்திலே 1830ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கோடாகக் கருதப்பட்டது. அதற்குப் பிந்தியவை பொறியின் காலத்தவை; ஆகவே அவை கலையாகா என்பது அன்றைய துணிபு. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டமும் 1830க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கே தொல்பொருளுக்குரிய தீர்வை விலக்கை அளித்தது. 1966ஆம் ஆண்டிலேதான் அவ்விதி மாறி, நூறு ஆண்டு பழைமை போதும் என்றாயிற்று. இடையிலே 1952ஆம் ஆண்டு விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம் விக்டோரிய, எட்வேர்டிய அலங்காரக் கலைகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. 1958ஆம் ஆண்டு விக்டோரியச் சங்கம் இலண்டனில் தோன்றியது. இவ்வாறு, விறகென்று ஒதுக்கப்பட்டவை மீண்டும் வரவேற்பறைக்கு வந்தன. மரத்திலே ஒரு மாற்றமும் நிகழவில்லை. மாறியது மனிதரின் கண்.

கண் மாறுமென்றால், பொருளை எதனைக்கொண்டு அளப்பது? பொருளின் உடலையே கேட்டறிய வேண்டும் என்பது என் விடை. செய்தவன் பிறர் காணும்படி இழைத்த முன்புறத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. யாரும் காணார் என்று அவன் விட்டுவிட்ட பின்புறமும் அடிப்புறமுமே உண்மை பேசுவன.

முதலாவதாக, வாளின் தடம். கையால் இழுக்கப்பட்ட வாள் பலகையின் மீது ஏறக்குறைய நேரான கோடுகளை விட்டுச் செல்லும். வட்டவாள் வளைந்த வரிகளை விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேதான் வட்டவாள் ஆங்கிலப் பட்டறைகளிலே பரவலாயிற்று. ஆகவே, பதினெட்டாம் நூற்றாண்டினது என்று விற்கப்படும் பெட்டகத்தின் பின்பலகையிலே வளைவரிகள் தென்படுமாயின், விற்பவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டிராமல் வீடு திரும்பலாம்.

இரண்டாவதாக, திருகாணி. கையால் அராவிய பழைய திருகாணியின் முனை மழுங்கியிருக்கும்; புரிகள் ஒழுங்காக இரா; தலையிலுள்ள வெட்டு நடுவைவிட்டு விலகியுமிருக்கும். 1854ஆம் ஆண்டு பேர்மிங்காமிலே நெட்டில்போல்ட் அன்ட் சேம்பர்லின் நிறுவனத்தார் அமெரிக்கக் காப்புரிமையை வாங்கி, கூர்முனைத் திருகாணிகளைப் பொறியினால் பெருவாரியாகச் செய்யத் தொடங்கினர். ஒரு திருகாணியை மெல்லக் கழற்றிப் பார்ப்பது, ஒரு முழு நூலைப் படிப்பதற்குச் சமமான பயனைச் சில வேளைகளில் தரும். ஆனால், திருகாணி பின்னாளிலே மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். அதனைச் சுற்றியுள்ள துளையும் கறையும் அதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே விவேகம்.

மூன்றாவதாக, லாச்சியின் மூலைகள். புறாவின் வாலைப்போல் விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அந்த இணைப்பிலே, கைவேலையாயின் பற்களின் அளவு சற்றே வேறுபடும். ஓடாவி குறியிட்ட மெல்லிய கீறலும் தெரியும். பொறிவேலையாயின் யாவும் ஒரே அச்சில் வார்த்தாற்போல் இருக்கும். பின்னது நூற்றாண்டின் பிற்பகுதிக்குரியது. மேலே ஒட்டிய அழகுமரத் தகடும் இவ்வாறே பேசும். வாளால் அறுக்கப்பட்ட பழைய தகடு தடித்தது. கத்தியால் சீவப்பட்ட பிற்காலத் தகடு கடதாசி போல மெல்லியது.

நான்காவதாக, மரத்தின் சுருக்கம். மரம் தன் நாரின் குறுக்கே சுருங்கும். நீளவாக்கிலே பெரிதும் சுருங்காது. ஆகவே, நூறாண்டு கடந்த வட்டமேசையொன்றை நாடாவினால் இரு திசையிலும் அளந்தால், அது முழுவட்டமாக இராது. நாருக்குக் குறுக்கான விட்டம் சில மில்லிமீற்றராவது குறைந்திருக்கும். வட்டம் வட்டமாகவே நிற்குமானால் ஐயுற வேண்டும். காலத்தின் இந்தக் கையெழுத்தைப் போலியாக இடுவது எளிதன்று.

ஐந்தாவதாக, பூச்சியும் தேய்வும். மரத்தை உளுக்கும் வண்டு வெளியேறும்போது மேற்பரப்பிலே சிறு வட்டத் துளையையே விடும். அதன் சுரங்கம் உள்ளே ஓடும். மேற்பரப்பிலே சுரங்கம் நீளவாக்கில் திறந்து கிடக்குமாயின், உளுத்த பின்னரே அம்மரம் அறுக்கப்பட்டது. அதாவது, பழைய மரத்திலே புதிய பொருள் செய்யப்பட்டுள்ளது. தேய்வும் அவ்வாறே. கதிரையின் கீழ்ச்சட்டம் கால் படும் இடத்திலே தேய்ந்திருக்க வேண்டும். கைப்பிடி உள்ளங்கை படும் இடத்திலே வழுவழுத்திருக்க வேண்டும். கையோ காலோ ஒருபோதும் எட்டாத மூலை தேய்ந்திருந்தால், தேய்த்தது காலமன்று, அரத்தாள்.

அடையாள முத்திரைகளைக் குறித்தும் ஒரு வார்த்தை. 1842 முதல் 1883 வரை பிரித்தானியாவிலே பதிவு செய்யப்பட்ட வடிவமைப்புகளுக்குச் சாய்சதுர வடிவான குறியொன்று இருந்தது. அதன் மூலைகளிலுள்ள எழுத்துகளும் எண்களும் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றைக் குறிப்பன. 1884 முதல் தொடர் எண்கள் வழங்கின. பித்தளைக் கைப்பிடியிலோ, சில்லிலோ, பூட்டிலோ இக்குறி காணப்படலாம். ஆனால், அது அவ்வடிவம் பதிவான நாளைச் சொல்லுமேயன்றிப் பொருள் செய்யப்பட்ட நாளைச் சொல்லாது. லங்காஸ்ரர் நகரத்துக் கில்லோஸ் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் லாச்சியின் விளிம்பிலே தம் பெயரைப் பொறித்தன; அந்நிறுவனத்தின் வரைபடப் புத்தகங்கள் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆவணக் காப்பகத்திலே பேணப்பட்டிருப்பதால், ஒரு பொருளின் பிறப்பையே தேடிக் கண்டுபிடிக்க வாய்ப்புண்டு. எனினும் விற்றவர் பெயரும் செய்தவர் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. பழைய பொருளை வாங்கிப் பழுதுபார்த்துத் தம் முத்திரையைப் பதித்து விற்ற கடைகளும் அக்காலத்தில் இருந்தன. முத்திரை ஒரு சாட்சி, தீர்ப்பு அன்று.

இவ்வளவையும் நான் விரித்துரைப்பதற்குக் காரணம், இத்துறையிலே கற்றோரும் ஏமாந்திருக்கிறார்கள் என்பதே. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளரான ஹொரஸ் வோல்போல் கருங்காலிக் கதிரைகள் சிலவற்றைத் தேடிச் சேர்த்துத் தம் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையிலே வைத்தார். கடைந்தெடுத்த திருகுகால்களும் செறிந்த செதுக்கல்களும் கொண்ட அவை, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான கர்தினால் வுல்சியின் காலத்தவை என்பது அவருடைய நம்பிக்கை. வுல்சிக்கு ஒருகாலத்தில் உரியதாயிருந்த மாளிகையிலே அத்தகைய கதிரைகளைக் கண்டதே அவருக்குப் போதிய சான்றாயிற்று. அந்த நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பலரைப் பற்றியிருந்தது. உண்மை என்ன? அத்தகைய கதிரைகள் பதினேழாம் நூற்றாண்டிலே, ஐரோப்பியரின் தேவைக்காகச் சோழமண்டலக் கரையிலே செய்யப்பட்டவை என்று பிற்கால ஆராய்ச்சி நிறுவியுள்ளது. நம் கடற்கரைத் தச்சனின் உளியை ஆங்கில நாட்டின் பழம்பெருமையாகக் கொண்டாடினர்! பொருளைப் பாராது கதையைப் பார்த்ததன் விளைவு இது.

இலங்கையருக்கு இத்துறையிலே அக்கறை வேண்டியதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. விக்டோரியா காலத்து வரவேற்பறைகளை அழகு செய்த மரங்களுள் நமது காட்டு மரங்களும் உள்ளன. ஆங்கிலேயர் 'சாட்டின்வுட்' என்று போற்றிய பொன்னிற மரங்களுள் ஒன்று நம் முதிரை. கபில நிறத்திலே கரிய வரிகள் ஓடும் 'கலமந்தர்', சிங்களத்தில் களு மெதிரிய எனப்படுவது, இத்தீவுக்கே உரியது. கண்மூடித்தனமாக வெட்டப்பட்டமையால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அரிதாகிவிட்டது. காலித் தச்சர்கள் முழுக் கருங்காலியிலே கட்டில்களும் சோபாக்களும் மேசைகளும் செதுக்கி ஐரோப்பியருக்கு விற்றனர். பல்வகை உள்நாட்டு மரங்களின் துண்டுகளைக் கதிர்போலப் பதித்த அவர்களுடைய வட்டமேசைகள், இன்று ஐரோப்பிய ஏலங்களிலே விரும்பி வாங்கப்படுகின்றன.

அதே காலத்திலே இங்கிலாந்தில் நடந்ததோ வேடிக்கை. கருங்காலியின் கறுப்பிலே மோகங்கொண்ட நாகரிகம், வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசிக் கருங்காலிபோலக் காட்டியது. ஈ. டபிள்யூ. கொட்வின் என்னும் கலைஞர் 1867ஆம் ஆண்டளவிலே வரைந்த புகழ்பெற்ற ஜப்பானியப் பாணிப் பக்கமேசையும் சாயமேற்றிய மகோகனியே. அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. கோட்டின் அழகுக்காகவே அது போற்றப்படுகின்றது. ஆனால், இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர், சாயத்தைக் கருங்காலி விலைக்கு வாங்குவர். அதனிலும் கேடாக, கருங்காலியைச் சாயத்தின் விலைக்கு விற்பர். தூக்கிப் பார்த்தாலே பாதி உண்மை தெரியும். கருங்காலி நீரில் அமிழும் பாரமுடையது. வெட்டுண்ட இடத்திலும் கறுப்பாகவே இருக்கும்.

இனி, விலைக்கு வருவோம். ஒரு பொருளுக்கு விலை ஒன்றே என்று எண்ணுவது தவறு. காப்புறுதிக்காகக் கணிக்கும் விலை, அதேபோன்ற ஒன்றைக் கடையிலே மீண்டும் வாங்க ஆகும் செலவு. ஏலவிலை, அன்றைய நாளில் அம்மண்டபத்திலிருந்த இருவரின் போட்டியைப் பொறுத்தது. வியாபாரி வீட்டு வாசலிலே சொல்லும் விலை, அவருக்கு வேண்டிய இலாபத்தைக் கழித்தது. மூன்றும் வேறுபடுவது மோசடியன்று. அவை மூன்று வேறு கேள்விகளுக்குரிய விடைகள். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று அறியாமல் விலை கேட்பவரே ஏமாறுகின்றனர்.

விலையைக் கூட்டுவன யாவை? கலையாத மேற்பரப்பு, மாற்றப்படாத உறுப்புகள், நல்ல அளவமைதி, அறியப்பட்ட வரலாறு, இன்றைய வீட்டுக்குப் பயன்படும் தன்மை என்பன. எட்டுக் கதிரைகள் கொண்ட முழுத்தொகுதிக்கு, எட்டு ஒற்றைக் கதிரைகளின் விலையை விட மிகுதியான விலை உண்டு. அதனாலேயே, ஆறு கதிரைகளைப் பிரித்துப் புதிய உறுப்புகளைச் சேர்த்து எட்டாக்கும் தந்திரமும் உண்டு. ஓர் அலுமாரியின் மேற்பாகத்தை மற்றொன்றின் கீழ்ப்பாகத்தின் மீது ஏற்றி வைப்பதை வணிகர் 'கலியாணம்' என்று கேலியாகச் சொல்வர். மேலும் கீழும் ஒரே மரமா, பின்பலகைகள் ஒரே விதமாகப் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் அந்தக் கலியாணத்தின் பொருத்தம் வெளிப்பட்டுவிடும்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இங்கிலாந்திலே சாதாரண மகோகனித் தளபாடங்களின் விலை பெரிதும் வீழ்ந்துவிட்டது. சிறிய வீடுகளிலே பெரிய பக்கமேசைக்கு இடமில்லை. இளையோர் வெளிர்நிறத்தை விரும்புகின்றனர். சட்டமும் சிலவற்றைத் தொட்டது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் 1992ஆம் ஆண்டு சர்வதேச வாணிபத் தடைப்பட்டியலிலே சேர்க்கப்பட்டமையால், அதனாலான பழம்பொருள்களை எல்லை கடத்துவதற்கும் ஆவணங்கள் வேண்டியதாயிற்று. பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டு யானைத்தந்தச் சட்டம் 2022ஆம் ஆண்டு ஜூனிலே நடைமுறைக்கு வந்தபின், சாவித்துளையைச் சுற்றிச் சிறு தந்தத்தகடு பதித்த பெட்டியைக் கூட, 1947க்கு முற்பட்டதென்றும் தந்தம் பத்திலொரு பங்குக்குக் குறைந்ததென்றும் பதிவு செய்தே விற்க முடிகின்றது. இச்சட்டங்களை நான் வரவேற்கிறேன். ஒரு பெட்டியின் விலைக்காக உயிருள்ள யானையும் உயிருள்ள மரமும் அழிவதை எந்தக் கலையார்வமும் நியாயப்படுத்தாது.

ஆனால் விலை வீழ்ந்ததென்று பொருளைச் சிதைப்பதை என்னால் ஏற்க முடியாது. இங்கேதான் நம்மவர்க்கு நான் வற்புறுத்த விரும்புவது உள்ளது. பழைய கதிரையைப் 'புதிதாக்குகிறோம்' என்று சொல்லி, சீவுளியும் அரத்தாளும் கொண்டு அதன் தோலை உரித்து, பளபளக்கும் வாணிஷ் பூசுவோர் பெருகிவிட்டனர். நூறாண்டுக் கைப்பழக்கமும், வெயிலும், மெழுகும் சேர்ந்து அளித்த நிறம் ஒரு மாலைப்பொழுதிலே தூளாகிக் குப்பைக்குப் போகின்றது. மேற்குநாடுகளிலும் ஒருகாலத்தில் எரிகாரத் தொட்டியிலே பைன் மரப் பெட்டகங்களை அமிழ்த்தி நிறமகற்றினர். வச்சிரப்பசை கரைந்து மூட்டுகள் கழன்றதுதான் மிச்சம். இழந்த பணத்தை மீண்டும் தேடலாம். உரித்த தோலை எந்த ஓடாவியாலும் மீண்டும் போர்த்த முடியாது.

இங்கிலாந்து தன் விக்டோரியப் பொருள்களை ஐம்பது ஆண்டுகள் இகழ்ந்தது. பின்னர் எஞ்சியவற்றை விலைகொடுத்துத் தேடியது. எரிந்தவை எரிந்தவையே. அதே பாடத்தை நாம் சொந்தச் செலவிலே மீண்டும் கற்க வேண்டுமா? போரினாலும் இடப்பெயர்வினாலும் எத்தனையோ வீடுகள் தம் பழம்பொருள்களை இழந்த நாடு இது. எஞ்சியிருப்பவற்றையேனும் அறியாமையினால் இழக்கலாகாது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டிலே பழைய கதிரையோ மேசையோ இருக்குமானால், அதனை விற்கும் முன்பும், உரிக்கும் முன்பும், எறியும் முன்பும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். வாளின் தடத்தையும் திருகாணியையும் பாருங்கள். மரம் எதுவென்று முதிய ஓடாவி ஒருவரைக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அடிப்புறத்திலே ஒட்டிவையுங்கள். பின்னர் விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்யுங்கள். விற்றாலும் குற்றமில்லை. எதனை விற்கிறோம் என்று அறிந்து விற்க வேண்டும் என்பதே நான் சொல்லவந்தது.